கத்திரி வெயிலில் கத்தரியை எடுக்கும் முன்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில் இருந்த பதினேழு பூச்செடிகளையும் ஒரே நாளில் பாதிக்குப் பாதி வெட்டித் தள்ளினேன். எல்லாம் ஒரு வீடியோ செய்த வேலை. குளிர் நாட்டுக்காரர் ஒருவர் தன் தோட்டத்தில் நின்றுகொண்டு, கோடையில் கிளைகளை நன்றாக வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் அடுத்த மூன்று மாதமும் பூத்துக்கொண்டே இருக்கும் என்று சொன்னார். அவர் ஊரில் கோடை என்றால் 24 டிகிரி. எங்கள் மாடியில் அன்றைக்கு 41. சாயங்காலம் துணி எடுக்க வந்த மாமியார் சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாத்துக்கும் மொட்டை போட்டுவிட்டிருக்க? ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார்.

மூன்று ரோஜாக்கள் பத்து நாளில் கருகிவிட்டன. செம்பருத்தியின் தண்டில் மேற்கு வெயில் படும் பக்கம் பட்டை வெடித்து உரிந்தது. குண்டுமல்லி பிழைத்துக்கொண்டது. ஆனால் மொட்டு கட்டியிருந்த நுனிகளையெல்லாம் வெட்டிவிட்டதால், மாடியில் மல்லிச் செடியை வைத்துக்கொண்டே அடுத்த ஒன்றரை மாதம் பூக்காரம்மாவிடம் முழம் போட்டு வாங்கினோம்.

அதற்கப்புறம் கேட்டு, படித்து, மறுபடி தப்பு செய்து இரண்டு கோடை போனது. இப்போது எங்கள் மாடியில் என்ன செய்கிறேனோ அதை அப்படியே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், நம் சமவெளிக் கோடையில் கவாத்து என்பது கிள்ளுவதும் சுத்தம் செய்வதும்தான். பெரிய வெட்டுக்கு ஒவ்வொரு செடிக்கும் தனி மாதம் உண்டு. அந்த மாதத்தைத் தவறவிட்டிருந்தால் பேசாமல் அந்தச் செடிக்கு அடுத்து வரும் நேரம் வரை காத்திருங்கள். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு இது பொருந்தாது; உங்கள் கோடையே வேறு.

1. முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

கத்தரி வாங்குவதற்கு முன்னால் பத்து ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். செடிக்கு ஒரு பக்கம். எழுத வேண்டியவை நான்குதான்: செடி எப்போது வாங்கியது, எந்த மாதம் அதிகம் பூக்கிறது, பூ கிளையின் நுனியில் வருகிறதா நடுக்கணுவில் வருகிறதா, கடைசியாக எப்போது வெட்டினோம். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

இது பள்ளிக்கூட வேலை மாதிரித் தெரியும். ஆனால் எந்த மாதம் பூக்கிறது என்பது தெரியாமல் எந்தச் செடியையும் வெட்டக் கூடாது. பூக்கப்போகும் செடியைப் பூக்கும் முன்பே வெட்டுவதுதான் புதிதாகச் செடி வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தப்பு. நினைவை நம்பினால் போன வருடம் மல்லி மாசியில் பூத்ததா பங்குனியிலா என்பதில் வீட்டுக்குள்ளேயே மூன்று கருத்து வரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு காகிதமும் தேவை. கீழே பொதுத் தோட்டத்தில் இருக்கும் காகிதப்பூவோ அரளியோ உங்கள் ஜன்னலை மறைக்கிறது என்று நீங்களாக வெட்டாதீர்கள். சங்கத்துக்கு இரண்டு வரிக் கடிதம் கொடுத்து, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் போதாது. அதே கட்டைவிரல் அடுத்த வாரம் சண்டைக்கும் வரும். தெருவோர மரத்தில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம், அது உள்ளாட்சியின் வேலை. மின்கம்பியைத் தொடும் கிளை என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரும்புக் கத்தரியோடு கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

2. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

நான் வாங்கியபோது ஆன செலவு இது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

கவாத்துக் கத்தரி 380 ரூபாய். இரண்டு அலகும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான மேடைமேல் மோதும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும்; காய்ந்த குச்சிக்கு மட்டும் அது நல்லது. 150 ரூபாய்க்கும் கத்தரி கிடைக்கிறது. முதலில் அதைத்தான் வாங்கினேன், ஆறு மாதத்தில் ஸ்பிரிங் எங்கோ தெறித்துப் போய்விட்டது.

முழங்கைவரை வரும் கையுறை 220. சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு பாட்டில் 70. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்னும் பூஞ்சணக்கொல்லி சின்னப் பொட்டலம் 110. வேப்பெண்ணெய் கால் லிட்டர் 130. எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இதில் தவிர்க்கவே கூடாதது ஸ்பிரிட். ஒரு செடியில் இருக்கும் நுனிக்கருகல் நோயைக் கத்தரிதான் அடுத்த செடிக்குக் கொண்டுபோகிறது. ஒவ்வொரு செடி முடிந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அலகைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நிழல்வலை, அதாவது பச்சை நெட், ஏற்கெனவே போட்டிருந்தால் நல்லது. இல்லாதவர்கள் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டியும் சமாளிக்கலாம். பூச்செடிகளுக்குப் பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத வலை போதும். அதற்கு மேல் அடர்த்தியானதை வாங்கினால் செடி பச்சையாக இருக்கும், பூ இருக்காது.

ஆள் வைத்துச் செய்யலாமே என்றால், நானும் ஒருமுறை வைத்தேன். அரை நாளைக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, எல்லாச் செடியையும் ஒரே உயரத்துக்கு வேலி வெட்டுவதுபோல வெட்டிவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இட்லிப்பூச் செடி மட்டும் எட்டு மாதம் பூக்கவில்லை. ஆள் வைப்பதென்றால் கூடவே நில்லுங்கள்.

3. நாளும் நேரமும்

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகும். அந்த இருபத்தைந்து நாளும் காய்ந்த பூ, காய்ந்த குச்சி, பூச்சி விழுந்த நுனி ஆகியவற்றைத் தவிர எதையும் வெட்டாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும்கூட, வெயில் 38 டிகிரிக்கு மேல் போகும் வாரத்தில் நான் கத்தரியை எடுப்பதில்லை. இது ஆராய்ச்சி முடிவெல்லாம் இல்லை, எங்கள் மாடியில் நான் வைத்துக்கொண்ட கோடு.

காரணம் எளிது. இலைதான் செடிக்குக் குடை. இலை வழியாக நீராவி போகும்போதுதான் செடி தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்த இலைகளை எடுத்துவிட்டால், அதுவரை நிழலிலேயே இருந்த தண்டின்மேல் நேராக வெயில் விழும், பட்டை வெந்துபோகும். செம்பருத்தியில் எனக்கு நடந்தது அதுதான். இன்னொன்றும் இருக்கிறது. நுனியை வெட்டினால் கீழ்க்கணுக்கள் விழித்துக்கொண்டு துளிர் விடும். அது எப்போதும் நடக்கும், மே மாதத்திலும் நடக்கும். ஆனால் அந்தப் பிஞ்சுத் துளிருக்கு அனல்காற்றைத் தாங்கத் தெரியாது. வேரில் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் செலவழித்து விட்ட துளிர் ஒரே மதியத்தில் கருகும். செடி மறுபடி முயற்சி செய்யும். மூன்றாவது முறை முயற்சி செய்ய அதனிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது.

நேரம் என்று பார்த்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். காலையில் வெட்டலாம் என்று பல பேர் சொல்கிறார்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் சாயங்காலம் வெட்டினால் ஓர் இரவு முழுக்க வெட்டுக்காயம் ஆறக் கிடைக்கிறது. கோடை மழை வரும்போல வானம் கறுத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வெட்டிய முனையில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் வரும்.

4. முந்தைய நாள் செய்ய வேண்டியது

முதல் நாள் சாயங்காலம் தொட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியே வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். தாகத்தோடு இருக்கும் செடியை வெட்டக் கூடாது. அடீனியம் (பாலைவன ரோஜா) மட்டும் இதற்கு விலக்கு, பின்னால் சொல்கிறேன்.

மண்மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போட்டு மூடாக்கு வையுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தொட்டியை நேராகத் தளத்தில் வைத்திருந்தால், கீழே இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்குங்கள். மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மாடிக்குப் போய்ப் பாருங்கள், வேர் எந்தச் சூட்டில் இருக்கிறது என்று கால் சொல்லும். கறுப்பு நிறத்து குரோ பேக் என்றால் மேற்குப் பக்கம் ஒரு சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மதியம் இலைகள் தொங்குவதைப் பார்த்துச் செடி வாடுகிறது என்று நினைத்துக் குடம் குடமாக ஊற்றுவோம், அல்லது "பாரத்தைக் குறைக்கலாம்" என்று கிளையை வெட்டுவோம். இரண்டும் வேண்டாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது வெயிலுக்குத் தலை குனிந்திருக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் ஆறு மணிக்கும் நிமிரவில்லை என்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

5. எல்லாச் செடிக்கும் பொதுவான வெட்டு

கோடையில் நான் தொடுவது இவற்றை மட்டும்தான்: வாடிய பூ, காய்ந்த குச்சி, நோயோ பூச்சியோ விழுந்த நுனி, ஒன்றோடொன்று உரசிக் காயம் படும் கிளை. அப்புறம் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் காட்டுத்துளிர் (இதை ரோஜாவில் சொல்கிறேன்). மொத்தத்தில் செடியின் இலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது (காகிதப்பூவும் அடீனியமும் விலக்கு). மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம் என்று படித்திருப்பீர்கள். அது சரியான மாதத்துக்கான கணக்கு.

வெட்டும் இடம்: வெளிப்பக்கம் பார்த்திருக்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கணு இருக்கும் பக்கம் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் சாய்வாக. கணுவை ஒட்டி வெட்டினால் அந்தக் கணு காய்ந்துவிடும். ரொம்ப மேலே வெட்டினால் மிஞ்சும் குச்சி காய்ந்து, அப்படியே கீழேயும் காய்ந்துகொண்டு போகும். உட்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்டினால் கிளைகள் உள்ளே வளர்ந்து காற்றோட்டத்தை அடைக்கும்.

காய்ந்த குச்சியை வெட்டும்போது வெட்டுவாயைப் பாருங்கள். நடுத்தண்டு பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வெட்டுங்கள். வெள்ளையாகத் தெரியும்வரை இறங்க வேண்டும். இது ஒன்றில் மட்டும் பத்தில் ஒரு பங்குக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

6. செடிவாரியாக

குண்டுமல்லி

எங்கள் வீட்டில் இதுதான் ராஜா, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மல்லி புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனால் துளிர் வரவைப்பதற்காக வெட்டத்தான் வேண்டும். ஆனால் பெரிய வெட்டுக்கான நேரம் நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு எல்லாக் கிளைகளையும் வெட்டும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அது நிலத்தில் நட்ட செடிக்கு. தொட்டிச் செடியை நான் ஓர் அடிக்கு வெட்டுகிறேன். கார்த்திகையில் வெட்டினால் மார்கழி, தையில் துளிர்த்து, மாசி பங்குனியில் மொட்டு வரத் தொடங்கும். முல்லைக்கு இந்த வெட்டு ஜனவரி கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, இரண்டுக்கும் 45 செ.மீ. மூன்றையும் "மல்லிக் கொடி" என்று ஒன்றாக நினைத்து ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள்.

கோடையில் செய்ய வேண்டியது வேறு. மல்லி அலை அலையாகப் பூக்கும். ஒரு நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டுகள். நடுவில் இருப்பது முதலில் மலரும், பக்கத்தில் இருக்கும் இரண்டும் அடுத்து. மூன்றும் பறித்து முடிந்த நுனியை மட்டும், இரண்டு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளி எடுங்கள். இதற்குக் கத்தரியே வேண்டாம், நகம் போதும். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் துளிர் கிளம்பி, மூன்று நான்கு வாரத்தில் மறுபடி மொட்டு வரும். தினமும் பூப்பறிக்கும்போதே இதையும் செய்துகொண்டு வந்தால் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

சிலர் இலையை மொத்தமாக உருவிவிடச் சொல்வார்கள். துளிர் வரும் என்பது உண்மைதான். ஆனால் பங்குனிக்கு மேல் மாடிச் செடியில் அதைச் செய்யாதீர்கள். மொட்டு ஊதா நிறமாகிச் சின்ன ஓட்டை தெரிந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கும். அந்த மொட்டுகளைப் பறித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலை மங்கி, அடியில் நூல் நூலாக வலை தெரிந்தால் செம்பேன். அதற்கு வெட்டுவதைவிட இலையின் அடிப்பக்கம் காலையில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது நல்ல பலன் தருகிறது. நனையும் கந்தகத்தூள் அடிக்கச் சொல்வார்கள். நல்ல மருந்துதான், ஆனால் இந்த வெயிலில் அடித்தால் இலையே கருகும்.

ரோஜா

கோடையில் அதிகம் சாவது ரோஜாதான், காரணமும் பெரும்பாலும் நாம்தான். வாடிய பூவை ஐந்து இலைக் கொத்து இருக்கும் கணுவரை இறக்கி வெட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஐப்பசியிலிருந்து மாசிவரை அப்படியே செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் பூவுக்குக் கீழே இருக்கும் கழுத்தோடு வெட்டி நிறுத்துங்கள், இலைகள் அப்படியே இருக்கட்டும். இந்த மாதங்களில் வரும் பூ எப்படியும் சின்னதாக, இதழ் ஓரம் கருகித்தான் வரும். மொட்டாக இருக்கும்போதே கிள்ளிவிட்டால் செடிக்கு மிச்சம். எனக்கு மனசு வராது. பாதியைக் கிள்ளிவிட்டுப் பாதியை விட்டுவிடுவேன்.

வாங்கும் ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து, அல்லது மண்ணுக்குள்ளிருந்து, வேறு மாதிரி இலையோடு வேகமாக ஒரு குச்சி கிளம்பினால் அது அடிச்செடியின் துளிர். "அட, கருகிய செடியில் புதுக் குருத்து!" என்று நானும் சந்தோஷப்பட்டு அதற்கு உரம் வைத்து வளர்த்தேன். ஒட்டுப் பகுதி முழுக்கக் காய்ந்துபோனது. அந்தத் துளிரை மேலோடு வெட்டாமல், மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் இரண்டாக வரும்.

பெரிய கவாத்து அக்டோபரில், கிளையின் நீளத்தில் பாதிவரை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் நேரம் என்பதால் நாலு நாள் மழை இல்லாத இடைவெளி பார்த்து வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். ஆறேழு வாரத்தில் பூ வரும்.

செம்பருத்தி

இதன் பூ ஒரு நாள்தான், தானாகவே உதிர்ந்துவிடும். வாடிய பூவை வெட்டும் வேலை இல்லை. பெரிய வெட்டு மாசி பிறக்கும்போது. அப்போது வெட்டினால் வெயில் ஏறுவதற்குள் துளிர் முற்றிவிடும். மாசியைத் தவறவிட்டால் ஆனி கடைசிக்குத் தள்ளுங்கள்.

கோடையில் செம்பருத்தி என்றாலே மாவுப்பூச்சிதான். நுனி சுருண்டு வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அந்த நுனியை நாலு அங்குலம் சேர்த்து வெட்டி, நேராக சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். தரையில் போட்டுவிட்டு அப்புறம் அள்ளலாம் என்றால் அதற்குள் பூச்சி அடுத்த தொட்டிக்குப் போய்விடும். தண்டில் எறும்பு வரிசையாகப் போகிறதா பாருங்கள். எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியை நிறுத்த முடியாது. மொட்டு மலராமலே உதிர்கிறது என்று வெட்டுபவர்களும் உண்டு. கோடையில் அதற்குக் காரணம் தண்ணீர்க் குறைவும் இலைப்பேனும், கிளையை வெட்டி ஒன்றும் ஆகாது.

காகிதப்பூ

வெயிலில் தைரியமாக வெட்டக்கூடிய செடிகளில் ஒன்று. ஒரு சுற்றுப் பூத்து நிறம் வெளுத்து உதிரும்போது, பூத்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். சாட்டைபோல நீண்டு ஓடும் முட்கிளைகளை எடுத்துவிடலாம். வெட்டிய பின் தண்ணீரைக் குறைத்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பின்பே ஊற்றுங்கள்; கொஞ்சம் பட்டினி போட்டால்தான் பூக்கும். மாதாமாதம் வேலிபோல் ஒழுங்கு செய்தால் இலைதான் மிஞ்சும். கையுறை இல்லாமல் போகாதீர்கள், என் உள்ளங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இட்லிப்பூ

கொத்து முழுக்கக் காய்ந்த பின், கொத்தை மட்டும் ஒரு ஜோடி இலையோடு எடுங்கள். பூ நுனியில் வருவதால் நுனிகளைப் பொதுவாக வெட்டினால் பூவையே வெட்டுகிறீர்கள். இது நிதானமான செடி, வெட்டினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது போர்த் தண்ணீரின் உப்பால் வரும் இரும்புச்சத்துக் குறைவு. அதற்காக வெட்ட வேண்டாம்.

அரளி, நந்தியாவட்டை

இரண்டும் கோடையைத் தாங்கும். காய்ந்த பூங்கொத்தையும் அரளியின் நீளமான காய்களையும் எடுத்துவிட்டால் போதும். அரளியின் எல்லாப் பாகமும் விஷம். கையுறை போடுங்கள், வெட்டிய கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள், வேலை முடிந்ததும் கத்தரியையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

அடீனியம்

இதற்கு மட்டும் எல்லாம் தலைகீழ். வெயில்தான் இதற்குக் கொண்டாட்டம். மாசியிலிருந்து சித்திரை பாதிவரை நன்றாகவே வெட்டலாம். நாலு நாள் தண்ணீரை நிறுத்தி, வெட்டி, பால் வடிவது நின்றதும் காப்பர் பசையைப் பூசி, மறுபடி நாலைந்து நாள் கழித்துத் தண்ணீர் காட்டுங்கள். வெட்டுவாயில் மழை விழுந்தால் அழுகும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் வெட்டக் கூடாது. இரண்டு மாதத்தில் நுனிக்கு நுனி பூ. இதன் பாலும் விஷம்தான்.

7. வெட்டிய பின் பதினைந்து நாள்

முதல் வாரம் உரம் எதுவும் வேண்டாம். வெட்டிய கையோடு உரம் வைப்பது நம்மில் பலருக்கு உள்ள பழக்கம். சூடான மண்ணில், இலை குறைந்த செடிக்கு உரம் வைத்தால் வேர் கருகும். துளிர் அரை அங்குலம் வந்த பிறகு, அதாவது பத்துப் பதினைந்து நாள் கழித்து, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். பஞ்சகவ்யா தெளிப்பதென்றால் லிட்டருக்கு 30 மி.லி.

காலை ஏழு மணிக்குள் தண்ணீர். மாடித் தொட்டிக்குச் சாயங்காலமும் ஒருமுறை. சிண்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை மதியம் பிடித்து ஊற்றாதீர்கள், அது கிட்டத்தட்ட வெந்நீர், நான் ஊற்றியிருக்கிறேன்.

வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் லிட்டருக்கு 5 மி.லி., கூடக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பின். இலை உதிர்ந்து தண்டு வெளியே தெரிகிறது என்றால், மேற்குப் பக்கம் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பூசிவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் பட்டை வேகாது.

பத்து நாளில் துளிர் வரவில்லை என்று பயந்து மறுபடி வெட்டாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, நிழலில் நகர்த்தி வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஆடி பிறப்பதற்குள் உயரமாக, மெலிதாக ஓடியிருக்கும் கிளைகளுக்கு ஒரு குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆடிக் காற்று அம்மியைத் தூக்காவிட்டாலும் ரோஜாத் தொட்டியைத் தள்ளிவிடும்.

8. வெட்டிய குச்சிகளை என்ன செய்வது

நோய், பூச்சி இருந்தவை மூட்டை கட்டிக் குப்பைக்கு. மற்றவற்றைச் சின்னதாக நறுக்கி அதே தொட்டியில் மூடாக்காகப் போடலாம். குச்சியை நட்டுப் புதுச் செடி ஆக்கலாமே என்று ஆசை வரும். கோடையில் மல்லிக் குச்சி, செம்பருத்திக் குச்சி இரண்டும் எனக்குப் பெரும்பாலும் காய்ந்துதான் போயின. முதல் மழை விழட்டும் என்று இப்போதெல்லாம் காத்திருக்கிறேன். அரளிக் குச்சிகளை மட்டும் தனியாகக் கட்டுங்கள். தெருவில் மாடு, ஆடு மேயும் இடத்தில் போடாதீர்கள், குப்பையோடு சேர்த்து எரிக்கவும் செய்யாதீர்கள். அதன் புகையும் விஷம். எங்கள் தெருவில் காலையில் மாடுகள் வருவதால் நான் அரளி மூட்டையைக் குப்பை வண்டி வரும் நேரம் பார்த்து நேராக வண்டியிலேயே கொடுத்துவிடுகிறேன்.